திறமை இருந்தால் போதுமா?

தாம்பரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ பாடத்தில் 52 சீட்டுகள் பற்றிய கணக்கு வரும்போது ஒரு கேள்வி எழும்: “ரம்மி திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே சார். அப்போ நல்லா ஆடுறவங்க அதுலயே சம்பாதிக்கலாம்ல?” வீட்டில் பெரியவர்கள் அலைபேசியில் ஆடுவதைப் பார்த்துப் பிறக்கும் கேள்வி இது. ‘சூதாட்டம் தவறு’ என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் கேள்வி அப்படியே நிற்கும். கணக்கால் விடை சொல்வோம்.

மாணவர் சொல்வதில் உண்மை உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் என ஏற்று, மாநிலத் தடைச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கியது. திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. ஆனாலும், ஆடத் திறமை வேண்டும் என்பது வேறு. திறமையால் பிழைக்கலாம் என்பது வேறு. இதை மாணவர் உணர வேண்டும்.

சூதாட்ட விடுதியையே திறமையால் வெல்லலாம் என்று கணிதம் காட்டிய சீட்டாட்டம் பிளாக்ஜாக். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்டு தார்ப் 1962இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இன்று பரவலாக உள்ள முறை எளியது. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். 7, 8, 9க்கு மாற்றமில்லை. கூட்டுத்தொகை உயர்ந்தால் மீதிக் கட்டில் பெரிய சீட்டுகள் அதிகம். அப்போது பந்தயத்தை உயர்த்துவார்கள்.

இவ்வளவு உழைத்தும் கிடைக்கும் சாதகம் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். புரிதலுக்காக, ஆட்டத்துக்கு 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 100 ஆட்டங்களில் எதிர்பார்க்கும் லாபம் 100 ரூபாய். திட்டவிலக்கமோ ஏறத்தாழ 1,100 ரூபாய். ஆகவே நஷ்டத்தோடு எழுந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே குறைவு. 10,000 ஆட்டங்களில் எதிர்பார்க்கும் லாபம் 10,000, திட்டவிலக்கம் ஏறத்தாழ 11,000. அப்போதும் இப்படி ஆடும் ஐந்தாறு பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார். மாத வாடகை அதுவரை காத்திருக்காது. எண்ணி ஆடுபவரைக் கண்டுகொண்டால் விடுதியும் வெளியே அனுப்பிவிடும்.

பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியில் இன்னொரு கழித்தலும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இதை வகுப்பில் புளியங்கொட்டைகளைக் கொண்டு காட்டலாம். ஐந்து மாணவர்களுக்குத் தலா 20 கொட்டைகள். சுற்றுக்கு ஒவ்வொருவரும் 2 கொட்டை வைக்க வேண்டும். சீட்டெடுத்து வென்றவருக்கு 9. மீதி 1 ‘நிறுவனம்’ என்று எழுதிய டப்பாவுக்கு. பத்துச் சுற்றுகளுக்குப் பின் எண்ணச் சொல்லுங்கள். டப்பாவில் 10 இருக்கும். ஐவரிடமும் சேர்ந்து 90 இருக்கும்.

அடுத்து, சீட்டெடுப்பதற்குப் பதிலாக மனக்கணக்குப் போட்டி வைத்து, முதலில் விடை சொல்பவருக்கே 9 கொடுங்கள். இது முழுக்கத் திறமை. பத்துச் சுற்று முடிந்ததும் டப்பாவைத் திறங்கள், அதே 10தான். ஐவரில் யார் எவ்வளவு இழப்பது என்பதைத் திறமை மாற்றும். ஐவரும் சேர்ந்து இழப்பதை அது மாற்றாது.