வயதுவந்தோர் கல்வியில் வாக்கியக் கணக்குகள்: கோவளம் மீன் விற்பனையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சொற்றொடர்களில் ஒரு சூழலை விவரித்து, அதிலிருந்து விடை காணுமாறு கேட்கும் கணக்கை இக்கட்டுரை வாக்கியக் கணக்கு எனக் குறிக்கிறது. எழுத்தறிவு மையத்திற்கு வரும் வயதுவந்தோர் பலர் இத்தகைய கணக்கை நூலில் கண்டதும் தயங்குகின்றனர். அவர்களே சந்தையில் இதனினும் சிக்கலான கணக்கை மனத்தால் முடிப்பவர்கள். இம்முரண் எதனால் நேர்கிறது, கற்பிப்போர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய கோவளத்தின் மீன் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு வரும் தொகைகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

பின்னம் நீக்கிய பாடம்

1988-இல் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம் எண்ணறிவுக்கு ஓர் அளவுகோலை வகுத்தது. 1 முதல் 100 வரை எண்களைப் படித்தல், எழுதுதல், எளிய நான்கு செயல்கள், எடை, அளவை, நாணயம் பற்றிய அறிவு, பின்னம் கலவாத அளவில் விகிதமும் வட்டியும் என்பன அதில் அடங்கும். தமிழகத்தில் 1990-களில் அறிவொளி இயக்கம் இலட்சக்கணக்கானோரை இந்த எல்லைவரை அழைத்துச் சென்றது. புதுக்கோட்டை மாவட்டப் பணி இன்றும் நினைவுகூரப்படுகிறது. எனினும் பின்னத்தை விலக்கியது சரியான முடிவன்று எனலாம். கால், அரை, முக்கால் என்பன எழுத்தறியாதார் நாவிலும் அன்றாடம் புழங்குபவை. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) வரை எண்சுவடியில் மனனம் செய்வித்தது திண்ணைப் பள்ளி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்குகளைச் செய்யுளாகவே தந்தது. அம்மரபில் வாக்கியக் கணக்கு முதலில் செவிக்குரியதாக இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஒரு கூடை மீன்

பாடநூல் நடையில் ஒரு கணக்கு: “ஒரு வியாபாரி ஒரு கூடை மீனை ₹1,800-க்கு வாங்கி 24 கூறுகளாக்கி, கூறு ஒன்று ₹100 வீதம் விற்கிறார். ஐஸ், வண்டிச் செலவு ₹200 எனில், அவர் பெற்ற இலாபம் யாது?”

பள்ளி வழியில் 24-ஐ 100-ஆல் பெருக்கி, வரும் 2,400-இலிருந்து 2,000-ஐக் கழித்து ₹400 என்பர். மீன் விற்பவர் இதனை வேறு வழியில் அணுகலாம். முதலும் செலவும் சேர்ந்து 2,000; 20 கூறு விற்றால் அது கைக்கு வந்துவிடும்; எஞ்சிய 4 கூறு இலாபம். விடை ஒன்றே, ஆயினும் இரண்டாம் வழி கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. மாலையில் மீன் வாடும்போது, அந்த 4 கூறுகளை எவ்வளவு குறைத்து விற்றாலும் கைம்முதல் கெடாது. “எல்லாக் கூறும் நூறு ரூபாய்க்கா போகும்?” என்று கற்போர் கேட்டால், அதனை அறியாமை என ஒதுக்கலாகாது. கணக்கு தம் பட்டறிவை மறக்கச் சொல்வதை அவர் கண்டுகொண்டார் என்றே கொள்ளவேண்டும்.

பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த சிறாரிடம் நடத்தப்பெற்று 1985-இல் வெளியான ஆய்வு இதனை எண்ணால் காட்டியது. விற்பனையின்போது கேட்கப்பட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியாக வந்தன. அதே எண்கள் வாக்கியக் கணக்காக வந்தபோது 73.7, வெறும் எண்களாக வந்தபோது 36.8. ஆகவே, சூழலைச் சொல்வது கற்போருக்குத் துணையே. அச்சூழல் எழுத்துமொழிக்கு மாறும் இடத்தில்தான் இழப்பு நேர்கிறது. டெரெசினா நூனெஸும் அனலூசியா ஷ்லீமனும் பின்னர் அந்நாட்டு மீனவரிடம் விகிதக் கணக்கை ஆராய்ந்தபோது, தொழிலில் ஒரு திசையில் மட்டும் செய்து பழகிய கணக்கைத் தலைகீழாகவும் செய்ய அவர்களால் இயன்றது.

மொழியின் தடைகள்

‘வீதம்’, ‘எனில்’, ‘யாது’ ஆகியவை பேச்சில் வாராதவை. ‘எனில்’ என்பதற்கு முன் இருப்பவை தரவுகள், பின் இருப்பது வினா என்பதை முதல் வகுப்பிலேயே உணர்த்தலாம். கணக்கை உரக்கப் படித்து, நூலை மூடி, கற்போர் தம் சொல்லில் திருப்பிச் சொல்வது நல்ல பயிற்சி.

‘அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று குறிப்புச்சொல் கற்பிப்பது தீங்கு தரும். “இன்று 12 கூறு விற்றார், இது நேற்று விற்றதைவிட 3 அதிகம், நேற்று விற்றது எத்தனை?” என்பதற்கு அவ்விதி 15 என்னும் தவறான விடையைத் தரும். எது எதைவிட என்று கேட்டுப் பழகியவர் 9 என்பார்.

வாய்க்கணக்கு போதாத இடம்

வாய்க்கணக்கே போதுமெனின் எழுத்துக் கணக்கு எதற்கு என்னும் வினா எழும். அதற்கு விடையாகத் தண்டல் எனப்படும் அன்றாடத் தவணைக் கடனைக் கொள்ளலாம். ₹10,000 கடன், ₹1,000 முன்கூட்டியே பிடித்தம், கைக்கு வருவது ₹9,000, நாளுக்கு ₹100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். வாய்க்கணக்கில், 100 நாளுக்கு 1,000, மாதம் 300, பத்தாயிரத்துக்கு 300 என்றால் ‘3 வட்டி’ என முடியும்.

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. முதல் பிழை, கைக்கு வந்தது 9,000 மட்டுமே. மற்றதைக் கண்டுபிடிக்கத் தாள் தேவை. நாள், கட்டியது, மீதிக் கடன் என மூன்று பத்தி வரைந்து, கட்டும் ஒவ்வொரு நூறிலும் 90 அசல், 10 வட்டி எனப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒருமுறை குறித்துவரின், 50-ஆம் நாளில் அசல் 4,500-ஆகக் குறைந்திருப்பது தெரியும். 100 நாளுக்கும் சராசரியாகக் கையில் இருந்த பணமும் ஏறத்தாழ அதுவே. 4,500-க்கு மாதம் 300 என்றால் நூற்றுக்கு 6.67, ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு.

அடுத்த பாடம் சொல்லைப் பற்றியது. ‘3 வட்டி’ என்பது நூற்றுக்கு மாதம் 3. வங்கி சொல்லும் ‘12 விழுக்காடு’ என்பது நூற்றுக்கு ஆண்டுக்கு 12, அதாவது 1 வட்டி. செவிக்கு 12 பெரிது. 2018-19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டை மீனவர்க்கும் விரிவாக்கப்பட்ட பின், இவ்விரு சொல்வழக்குகளையும் ஒப்பிட்டு முடிவெடுக்கவேண்டிய தேவை கடற்கரைக் குடும்பங்களுக்கு மிகுந்துள்ளது. எனவே இக்கணக்கைப் பாடத்திட்டத்தின் இறுதிக்குத் தள்ளாமல், வகுத்தல் கற்ற உடனே தரலாம். தவணை குறிக்கும் அட்டை வைத்திருப்பவர் அதனைக் கொண்டுவந்து, தொகையை மட்டும் மாற்றித் தாமே ஒரு வாக்கியக் கணக்கு எழுதி, அடுத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லலாம்.