பால்ய காயங்களுக்கு நில்லம்ப மலையில் ஒரு மருந்து

கண்டியிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பாதையோரம், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது நில்லம்ப தியான நிலையம். 1979இல் உருவானது. நெடுங்காலம் அங்கே வழிகாட்டியாக இருந்த கொட்வின் சமரரத்ன துறவி அல்லர், கண்டி டி. எஸ். சேனாநாயக்க நூலகத்தில் நூலகராக இருந்தவர். 2000ஆம் ஆண்டில் மறையும்வரை, தியானம் பழக வந்தவர்களிடம் அவர் ஓயாமல் பேசிய விஷயங்களில் ஒன்று மனக்காயம்.

அடித்த தகப்பன், விட்டுப்போன தாய், வகுப்பறையில் பட்ட அவமானம். நாற்பது வயதிலும் பலருக்கு இவை ஆறுவதில்லை. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்வில், சிறுவயதில் கொடுமையோ குடும்பச் சிக்கலோ ஒன்றையாவது அனுபவித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர். அந்த அனுபவங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் இதயநோயும் கூடியிருந்தன.

கொட்வின் காட்டிய வழி எளிமையானது, ஆனால் சுலபமானதல்ல. கண்ணை மூடி உட்கார்ந்ததும் பழைய கோபம் எழுந்தால் அதை விரட்டக்கூடாது. நெஞ்சு இறுகுகிறதா, தொண்டை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த விருந்தாளியைப் போல அதை இருக்கவிட வேண்டும். பிறகு மைத்திரி தியானம்: அன்பை முதலில் தன்மீது செலுத்தி, மெல்ல மெல்ல மற்றவர்களுக்கும் விரிப்பது.

'முதலில் தன்மீது' என்பதுதான் இதில் உயிரான இடம். அடிபட்ட பிள்ளை பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக எண்ணிக்கொள்கிறது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லிச் சொல்லி நாமும் அதன் வாயை அடைத்திருக்கிறோம். மன்னிப்பதென்றால் நடந்ததை நியாயப்படுத்துவதல்ல. அடித்தவரோடு மீண்டும் உறவாட வேண்டிய கட்டாயமும் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கடும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு நீண்ட மௌனம் பழைய பயத்தைக் கிளறிவிடலாம். அவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. பேராதனை போதனா வைத்தியசாலையில் உளநலச் சிகிச்சை உண்டு. 1926 என்ற தேசிய உளநல இலக்கத்தையும் அழைக்கலாம்.

மலைக்குக் கீழே தோட்டத் தொழிலாளரின் லயங்களிலும் இதே காயங்கள் இருக்கின்றன. தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, தகப்பனின் குடிக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களும் இதைப் பழகலாம். இந்தப் பயிற்சிக்குத் தியான மண்டபம் தேவையில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த மாலையில் கோயில் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார இடம் கிடைத்தாலே போதும். கொட்வின் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசியதை, தோட்டப் பாடசாலைகளின் ஆலோசனை ஆசிரியர்கள் தமிழில் சொல்லித்தரத் தொடங்கலாம்.