0, 1 மட்டும்தானா? மைனஸ் 1-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர்... ஏ.ஐ. காலத்தில் திரும்பி வருவது ஏன்?

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள்தான். பள்ளியில் படித்த இந்தப் பாடத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1958-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிகோலாய் புருசென்ட்சோவ் தலைமையிலான குழு உருவாக்கிய 'செதுன்' கம்ப்யூட்டர், -1, 0, +1 என மூன்று இலக்கங்களில் கணக்குப் போட்டது. இதற்குச் 'சமநிலை மும்ம எண்முறை' என்று பெயர்.

அது எப்படி வேலை செய்கிறது?

நாம் எழுதும் எண்களில் இட மதிப்பு 1, 10, 100 எனப் பத்து மடங்காகக் கூடும். மும்ம முறையில் 1, 3, 9, 27 என மூன்று மடங்காகக் கூடும். ஓர் இடத்தில் '+' இருந்தால் அந்த மதிப்பைக் கூட்டணும், '-' இருந்தால் கழிக்கணும், 0 இருந்தால் விட்டுவிடணும். அவ்வளவுதான்! உதாரணமாக, 5 என்பது 9 - 3 - 1. எனவே அதை '+ - -' என்று எழுதலாம்.

தராசை வைத்துப் பார்ப்போமா?

1, 3, 9, 27 கிலோ என நான்கே எடைக்கற்கள் இருக்கின்றன. 14 கிலோ அரிசி நிறுக்க வேண்டும். ஒரு தட்டில் 27 கிலோ கல், மறு தட்டில் அரிசியோடு 9, 3, 1 கற்கள். முள் நேராக நின்றுவிடும். இப்படி 1 முதல் 40 வரை எந்த முழு எண் கிலோவையும் நிறுக்கலாம். கற்களை ஒரே தட்டில்தான் வைக்கணும் என்றால் 6 கற்கள் தேவைப்படும். பிரான்ஸ் கணித அறிஞர் பாஷே 1612-லேயே தனது புதிர் நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

* தனியாக மைனஸ் குறி வேண்டாம். 5 என்பது '+ - -' என்றால், குறிகளை மாற்றிப்போட்ட '- + +' தான் -5.

* 0 அல்லாத இலக்கங்களை எண்ணினாலே ஒற்றைப்படையா, இரட்டைப்படையா எனத் தெரிந்துவிடும். 1, 3, 9, 27 எல்லாமே ஒற்றைப்படை என்பதுதான் காரணம். 5-க்கு மூன்று குறிகள், 14-க்கு நான்கு குறிகள்.

* புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால், மிச்சம் இருப்பது அருகிலுள்ள முழு எண். நம்ம முறையில் 2.9-ஐ வெட்டினால் 2 தான் கிடைக்கும். இதில் 3 கிடைக்கும்.

பிறகு ஏன் காணாமல் போனது?

சுமார் 50 செதுன் கம்ப்யூட்டர்கள் தயாரான நிலையில், 1965-ல் உற்பத்தி நின்றது. ஆன், ஆஃப் என இரண்டு நிலை கொண்ட பாகங்களை மலிவாகத் தயாரிக்கலாம், தவறும் குறைவு. உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது.

ஏ.ஐ.-க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஏ.ஐ. மாடல்களில் கோடிக்கணக்கான பெருக்கல்கள் நடக்கின்றன. மின்சாரமும் மெமரியும் அங்கேதான் அதிகம் செலவாகின்றன. 2024-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பிட்நெட் பி1.58' ஆய்வில், மாடலின் எடை மதிப்புகளாக -1, 0, +1 மட்டுமே பயன்படுத்தப்பட்டன. இதனால் அந்த மதிப்புகளோடு பெருக்கவே தேவையில்லை. கூட்டு, கழி, இல்லையென்றால் விட்டுவிடு. தராசு செய்யும் அதே வேலை!

ஆனால், இவை இன்றும் 0, 1 சிப்களில்தான் ஓடுகின்றன. திரும்பி வந்திருப்பது மூன்று இலக்கங்கள்தான், மும்ம கம்ப்யூட்டர் அல்ல.

சரி, 20 கிலோவை அதே நான்கு கற்களை வைத்து எப்படி நிறுப்பீர்கள்? விடை: 27 - 9 + 3 - 1.