ஆடு ஒன்றுதான், சட்டம் வேறு

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் கைவிடப்பட்ட பிராணிகளுக்குக் காப்பகம் நடத்துவோர், உள்ளூர் கவுன்சிலோடு மல்லுக்கட்டுவதை அவ்வப்போது செய்திகளில் பார்க்கிறோம். சொந்த நிலத்தில் வாயில்லா ஜீவன்களைப் பராமரிக்க அனுமதி எதற்கு என்று நமக்குத் தோன்றும்.

விஷயம் 1990ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்த அனுமதி தேவையில்லை. உணவுக்கோ கம்பளிக்கோ ஆடு வளர்த்தால் அது விவசாயம். அதே ஆட்டை மீட்டு வந்து, சாகும்வரை கொட்டகையில் தீனி போட்டு வைத்திருந்தால் பொதுவாக விவசாயத்தில் சேராது. நிலத்தின் பயன்பாடு மாறிவிட்டதாகக் கொள்வார்கள். குதிரைக்கும் இதே கணக்குதான். புல் மேய மட்டும் விட்டால் விவசாயம், கட்டிப்போட்டுத் தீனி கொடுத்தால் வேறு. நல்ல எண்ணத்தோடு நிலம் வாங்கியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நாய்க் காப்பகம் என்றால் அண்டை வீட்டாரின் புகாரும் சேர்ந்துகொள்ளும். அதையும் லேசாக எண்ண முடியாது. இரவெல்லாம் முப்பது நாய் குரைத்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

அனுமதியின்றி நடத்தினால் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் கொடுக்கலாம். அது நடைமுறைக்கு வரக் குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே மேல்முறையீடு செய்தால், முடிவு வரும்வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படும். தவறவிட்டால், கெடுவுக்குள் காப்பகத்தைக் காலி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் குற்ற வழக்கு. கிழட்டுக் கழுதைக்கு அவ்வளவு சீக்கிரம் யார் இடம் தருவார்கள்?