கரண்ட் போனால் மெழுகுவர்த்தி: கவனிக்க வேண்டியவை

கேரளம் முழுவதற்கும் வெளிச்சம் தரும் மாவட்டம் இடுக்கி. மூலமற்றத்தில் மலையைக் குடைந்து கட்டிய மின் நிலையம் 1976-இல் இயங்கத் தொடங்கியது. ஆறு இயந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட். ஆனால் மழைக்காலம் வந்தால் முதலில் இருளில் மூழ்குவதும் அதே இடுக்கி மலைதான்! மரம் சாயும், கம்பி அறும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில் விளக்கு அணையும். 2018 ஆகஸ்டில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. அடுத்து வந்த பெருவெள்ளத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இன்றித் தவித்ததை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. பாலக்காட்டுப் பக்கத்திலோ ஐப்பசி மாதத்து மாலை இடி ஒன்று போதும்.

இன்வெர்ட்டரும் செல்போன் விளக்கும் வந்துவிட்டன. ஆனாலும் அலமாரியில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி இல்லாத வீடு நம்மவர்களிடையே குறைவு. அதைப் பத்திரமாக எரிக்கவும், சுத்தமாகப் பாதுகாக்கவும் சில விவரங்களைச் சொல்கிறேன்.

திரியில்தான் சூட்சுமம்

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் சிறிய ஸ்டேஷன்களில் கைகாட்டிகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். விளக்குக்காரர் தினமும் கண்ணாடியைத் துடைத்து, திரியைச் சீராக வெட்டி, மாலையில் கம்பத்தில் ஏறி விளக்கை வைத்துவிட்டு இறங்குவார். திரி நீண்டால் புகை. புகை படிந்தால் கண்ணாடி கறுக்கும். கண்ணாடி கறுத்தால் டிரைவருக்குச் சிக்னல் தெரியாது. ஒரு திரியை நம்பி ஒரு ரயிலே வரும்!

மெழுகுவர்த்திக்கும் இதே கணக்குதான். எரிவது மெழுகுக் கட்டி அல்ல. சூட்டில் உருகிய மெழுகு திரி வழியே ஏறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு இதையே ஆறு சொற்பொழிவுகளாக விளக்கினார். திரி நீளமானால் ஆவி அதிகமாகும், அதற்கு ஈடாகக் காற்று கிடைக்காது. எரியாத கரிதான் புகையாகிச் சுவரிலும் கூரையிலும் படிகிறது. ஆகவே ஏற்றுமுன் திரியைக் கால் அங்குல அளவுக்கு வெட்டுங்கள். வெட்டிய துணுக்கு மெழுகில் விழுந்தால் எடுத்துவிடுங்கள்; அதுவும் ஒரு திரியாகி எரியும்.

பாலக்காட்டுக் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். ஆடியில் மேல்காற்று, மார்கழியில் கீழ்க்காற்று என்று இரண்டும் அதன் வழியாகத்தான் பாய்கின்றன. அந்தக் காற்றில் சுடர் ஆடினால் ஒரு பக்கம் மெழுகு வழியும், புகையும் வரும், திரைச்சீலையும் சுடரை நோக்கிப் பறந்து வரும். ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். அதற்காக அறையை முழுவதும் அடைக்கவும் வேண்டாம். மேலே ஒரு சிறு வழி திறந்திருக்கட்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டி.வி. பெட்டியின் மேலேயே மெழுகுவர்த்தியை ஒட்டிவிட்டு எல்லோரும் வாசலில் காற்று வாங்கினார்கள். மெழுகு தீர்ந்ததும் சுடர் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டது. புகை நாற்றம் வந்து ஓடியதால் வீடு பிழைத்தது. அடியில் எப்போதும் எவர்சில்வர் தட்டு, அதில் கொஞ்சம் மணல் அல்லது தண்ணீர் இருக்க வேண்டும். மேலே அலமாரித் தட்டு, காலண்டர், பக்கத்தில் புத்தகம் எதுவும் கூடாது. பெண்கள் நைலக்ஸ், பாலியெஸ்டர் முந்தானையைச் செருகிக்கொள்வது நல்லது. அந்தத் துணி எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தூங்கப் போகுமுன் அணைத்தே ஆகவேண்டும்.

இரண்டு இடங்களில் கூடவே கூடாது

ஒன்று, கேஸ் கசிந்த நாற்றம் வரும் இடம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தரையாகப் பரவித் தங்கும். இருட்டில் தீக்குச்சி கிழிக்குமுன் மூக்கைப் பயன்படுத்துங்கள். நாற்றம் இருந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

இரண்டு, இன்வெர்ட்டர் பாட்டரி. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடியைத் திறந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தண்ணீர் அளவு பார்ப்பது பாட்டரி வெடிக்கக் காரணமாகும். அதற்கு டார்ச் விளக்குதான்.

அணைக்கும் முறை

நம் பாட்டிமார் விளக்கை வாயால் ஊத விடமாட்டார்கள். ‘அணை’ என்ற சொல்லையும் தவிர்த்து, ‘மலையேற்று’, ‘குளிர வை’ என்பார்கள். மெழுகுவர்த்திக்கும் அந்த வழக்கமே பொருந்தும். ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும், புகை நாற்றமும் நிற்காது. ஒரு குச்சியால் திரியை உருகிய மெழுகில் சாய்த்து உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையே வராது. திரியும் மெழுகில் தோய்ந்து மறுமுறைக்குத் தயாராக நிற்கும்.

கிண்ணத்தில் உள்ள மெழுகு முழுவதும் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் நொடியில் ஆவியாகிப் பொங்கி, எரியும் மெழுகை நாலாபுறமும் வீசும். ஒரு தட்டால் மூடினால் காற்றின்றி அடங்கிவிடும். கையில் மெழுகு பட்டுச் சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம்.

வைக்கும் இடமும் சுத்தமும்

பாரஃபின் மெழுகு ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரியில் உருகும். ஆனால் பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் 40 டிகிரி தொடும் வெயிலிலேயே அது இளகி வளையும். பரண் மேலும், தகரக் கூரைக்குக் கீழும் வைக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் படுக்கவைத்து, சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மலைப்பகுதியில் வெயில் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. திரி ஈரமானால் படபடவென்று தெறிக்கும். அங்கே இறுக மூடும் டப்பா அவசியம். தீப்பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத, பெரியவர்களுக்கு இருட்டிலும் கைபடும் இடத்தில் இருக்கட்டும்.

தரையில் சிந்திய மெழுகை ஆறவிட்டு, பழைய அட்டையால் சுரண்டினால் பெயர்ந்து வரும். துணியில் பட்டால் மேலும் கீழும் பழைய காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். காகிதம் மெழுகை உறிஞ்சிவிடும். வெந்நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் ஆறி உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மெழுகுவர்த்தி எரிகிற அறையில் விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இருட்டே மேல். இருட்டு யாரையும் சுடாது!