உங்களுக்குத் தெரியுமா? 388 பேருக்கு எதிராக ஒரு பெண்

பெண் என்பதற்காக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொன்னது 1920-இல்தான். ஆனால் 1916-லேயே மொன்டானா மாநில மக்கள் ஜெனட் ராங்கினைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நுழைந்த முதல் பெண் அவர். தம் மாநிலப் பெண்கள் 1914-இல் வாக்குரிமை பெறப் பாடுபட்டவர். 1918 ஜனவரியில் பெண்கள் வாக்குரிமைத் திருத்தம் பற்றிய விவாதத்தைப் பிரதிநிதிகள் சபையில் தொடங்கி வைத்தவரும் அவரே.

1917-இல், பதவியேற்ற நான்காம் நாளே, முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்தார். அன்று எதிர்த்தவர்கள் 50 பேர். 1941 டிசம்பர் 8 வேறு மாதிரி. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், ஜப்பான்மீது போர் தொடுக்க 388 பேர் ஆதரவு. எதிர்ப்பு, ராங்கின் ஒருவர் மட்டுமே! ஆத்திரத்தோடு சூழ்ந்தவர்களிடமிருந்து தப்ப டெலிபோன் பூத்துக்குள் புகுந்துகொண்டார். போலீஸ் துணையோடுதான் வெளியேற முடிந்தது. அந்த முடிவு சரியா தவறா என்று வாதிடலாம், அந்தத் துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

பின்னாளில் காந்தியின் அகிம்சை வழியை அறிய இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். 1968-இல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களின் பேரணிக்குத் தலைமை தாங்கினார்.