குடிக்காத மகளின் மூளை அலைகள்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, குடிநோய் ஆண்களுக்கு உரியதாகவே எண்ணப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். பெண்களில் இது 1.3 விழுக்காடே. ஆயினும் குடிப்பது வேறு, குடிநோய்க்கு ஆளாகக்கூடிய உடலியல்பு வேறு. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், இவ்வியல்பில் ஏறக்குறையப் பாதி மரபுவழி வருவதென்றும், அதில் ஆண், பெண் வேறுபாடு பெரிதில்லை என்றும் காட்டுகின்றன.

இவ்வியல்பின் சுவடு மூளையின் மின்அலைகளில் தெரிகிறது. ஒரே மாதிரியான ஒலிகளுக்கு இடையே வேறோர் ஒலி எழும்போது, ஏறத்தாழ 300 மில்லிநொடிகளுக்குப் பின் மூளையில் ஒரு மின்துடிப்பு உயர்கிறது; இதற்குப் ‘பி300’ என்று பெயர். மதுவையே தொடாத 7 முதல் 13 வயதுச் சிறுவர்களிடம், தந்தை குடிநோயாளியாக இருந்தால் இத்துடிப்பு தாழ்ந்திருப்பதை அமெரிக்காவில் ஹென்றி பெக்லைட்டர் குழுவினர் 1984இல் கண்டறிந்தனர். அதாவது, இத்தாழ்வு குடியால் விளைந்ததன்று; குடிக்கு முந்தியது. பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் விவேக் பெனகல் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வும், குடும்பவழி அபாயம் கூடக்கூட இத்துடிப்பு குறைவதைக் காட்டியது. ஆனால் அதில் ஆராயப்பட்டவர்கள் குடிநோயாளிகளின் ஆண் உறவினர்களே. குடிப்போர் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும் நாட்டில் அது இயல்பான தேர்வுதான் என்றாலும், மகள்களைப் பற்றிய கேள்வி அங்கே எழவே இல்லை.

அக்கேள்விக்கு ஓரளவு விடை தந்தது, மாதவி ரங்கசாமி குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு. ஓய்விலிருக்கும் மூளையில் நொடிக்கு 12 முதல் 28 முறை அதிரும் ‘பீட்டா’ அலைகள், குடிநோயாளித் தந்தையரின் பிள்ளைகளிடம் மிகுந்திருந்தன; மகன்களிடம் அவற்றுள் மெதுவான அலைகளும், மகள்களிடம் நொடிக்கு 16 முறைக்கு மேல் அதிரும் விரைவான அலைகளும் ஓங்கியிருந்தன. மூளையின் கிளர்ச்சிக்கும் அதை அடக்கும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் செயலுக்கும் இடையிலான சமநிலை பிறழ்ந்திருப்பதையே இது குறிப்பதாகக் கருதப்படுகிறது. மது அக்கிளர்ச்சியைத் தற்காலிகமாகத் தணிப்பதால், இத்தகையோரை அது எளிதில் பற்றிக்கொள்ளலாம்.

இவை குழுக்களின் சராசரிகளே. கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களிடமும் பி300 தாழ்வதுண்டு. ஆகவே ஒரு பெண்ணின் அலைப்பதிவைப் பார்த்து அவள் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது, அப்படிக் கணிப்பதாகக் கூறிப் பணம் கேட்பவரை நம்பவும் கூடாது.

ஊர்க்கட்டுப்பாடு ஒரு மகளைக் குடியிலிருந்து காக்கலாம். அவள் பெற்ற மரபணுக்களை அது மாற்றுவதில்லை. தானே குடிக்காத தாய், தன் தந்தையிடமிருந்து பெற்ற இயல்பைத் தன் மகனுக்கு வழங்கக்கூடும். எனவே குடிநோய்க்குச் சிகிச்சை தேடி வரும் இளைஞரிடம், தந்தையைப் பற்றி மட்டுமன்றித் தாய்வழிப் பாட்டனைப் பற்றியும் தாய்மாமனைப் பற்றியும் மருத்துவர்கள் கேட்டறிய வேண்டும்.